நார்வேக்கு ஏது ராகு காலம்

நான் எழுதிய முதல் புரோகிராமுக்கு ராகு காலம் தெரியும். திங்கட்கிழமை ஏழரையிலிருந்து ஒன்பது, வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு என்று வாரத்தின் எல்லா நாளுக்கும் அட்டவணை போட்டு உள்ளே வைத்திருந்தேன். அந்த நேரத்தில் யார் தலைகீழாக நின்றாலும் அது ட்ரிப் ஷீட் அடித்துத் தராது. ட்ரிப் ஷீட் இல்லாமல் எங்கள் ஆபீஸிலிருந்து எந்த லாரியும் கேட்டைத் தாண்டாது. எம்.சி.ஏ.வில் எனக்குப் பாடம் நடத்தியவர்கள் காதில் இது விழுந்திருந்தால் பட்டத்தைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனார்கள். எனக்கு வீட்டில் கடலூர் வரைக்கும்தான் அனுமதி கிடைத்தது. சிதம்பரத்தில் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம், ராத்திரிச் சாப்பாடு வீட்டில்தான் என்பது அப்பாவின் யோசனை. அப்படித்தான் சிப்காட் பக்கம் இருந்த ஒரு லாரி ஆபீஸில் போய்ச் சேர்ந்தேன். அங்கே ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதற்குத் தினமும் பூ வைத்தார்கள், யாரும் தொடவில்லை.

முதலாளி கடலோரக் கிராமத்துக்காரர். அவருடைய அப்பா கடலுக்குப் போனவர். இவர் ஐஸ் போட்ட மீன் ஏற்றும் ஒரு பழைய வண்டியில் தொடங்கி, பத்துப் பன்னிரண்டு லாரி வைத்திருக்கும் அளவுக்கு வந்திருந்தார். லாரிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை அவருடைய மனைவியின் தம்பியிடம் இருந்தது. முதலாளி அவரை 'மச்சான்' என்று கூப்பிட்டதால் டிரைவர், கிளீனர், டீக்கடைக்காரர் வரை எல்லாருக்கும் அவர் மச்சான்தான். ஆபீஸில் இருந்த ஒரே பெண்ணான எனக்கு மட்டும் அது பெரிய சங்கடம். மச்சான் என்று கூப்பிட முடியாது. 'ஏங்க' என்று ஒருமுறை கூப்பிட்டேன், அது அதைவிட மோசமாகப் போய்விட்டது. கடைசியில் 'சூப்பர்வைசர் சார்' என்று ஒரு பதவியை நானே உண்டாக்கிக் கொடுத்தேன். அதில் அவருக்குப் பரம திருப்தி.

ஒரே கம்பெனி வாசலுக்கு இரண்டு லாரிகள் போய் நின்றுகொண்டு, இன்னொரு வாசலில் வண்டியே வரவில்லை என்று போனில் திட்டு வாங்குவது அப்போது அன்றாட வழக்கம். எந்த வண்டி, எந்த வாசல், எந்த லோடு, எதற்கு அடுத்து எது என்று பார்த்து ட்ரிப் ஷீட் அடித்துத் தரும் புரோகிராம் ஒன்றை எழுதினேன். பிள்ளையார் படம் வந்து போன பிறகுதான் அது திறக்கும். அது வந்த பிறகு வசவு குறைந்தது. மச்சானுக்குக் கொஞ்சம் சதை போட்டது.

ராகு காலப் பூட்டு முதலாளி கேட்டது. அதன் காரணத்தை மச்சான்தான் எனக்குச் சொன்னார். முதலாளிக்கு ஒரு தம்பி இருந்தார். கடலுக்குப் போனால் பயம் என்று அவர்கள் அம்மா இரண்டு பிள்ளைகளையும் லாரி ஓட்ட அனுப்பியிருந்தார். ஒரு திங்கட்கிழமை காலையில் லோடு அவசரம் என்று பார்ட்டி நச்சரிக்க, ராகு காலம் முடியட்டும் என்று உட்கார்ந்திருந்த தம்பியை, "அதெல்லாம் ஒண்ணும் ஆவாது, கெளம்பு" என்று அனுப்பியவர் முதலாளிதான். பண்ருட்டி ரோட்டில் டயர் வெடித்துப் புளியமரத்தில் மோதி, தம்பி அங்கேயே போய்விட்டார். அதற்குப் பிறகு ராகு காலத்தில் முதலாளியே வந்து கேட்டில் நிற்க ஆரம்பித்தார். டிரைவர்கள் சும்மா விடுவார்களா? "இப்பதான் மொதலாளி ஏழு இருபத்தொம்போது" என்று கெஞ்சுவார்கள். மனுஷனைக் கெஞ்சிக் கரைக்கலாம், மெஷினைக் கரைக்க முடியாது என்பதால் அந்தப் பொறுப்பை அவர் என் புரோகிராமிடம் ஒப்படைத்தார்.

எனக்கு அப்போது வாய் ஜாஸ்தி. பகுத்தறிவும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"டயருக்கு ராகு காலம் தெரியுமா சார்?"

அவருக்குக் கோபம் வரவில்லை. "டயருக்குத் தெரியாதும்மா," என்றார். "எனக்குத் தெரியுமே."

அதற்கு மேல் நான் வாதாடவில்லை. ஆனால் அந்தப் பூட்டு அங்கே இருப்பது எனக்குப் பிடிக்கவும் இல்லை.

இந்தச் சமயத்தில்தான் சிதம்பரத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் சில இளைஞர்கள் கூடி, சாஃப்ட்வேரை எல்லாருக்கும் திறந்து வைக்க வேண்டும் என்று பேசும் கூட்டத்துக்குப் போக ஆரம்பித்தேன். கூட்டம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு டியூஷன் சென்டரின் பெஞ்சுகள், ஒரு லேப்டாப், அதைச் சுற்றி எல்லாத் தலைகளும். ஓப்பன் சோர்ஸ் என்ற சொல்லை அவர்கள் சாமி பேரைப் போலச் சொன்னார்கள். எனக்கும் அந்தக் காய்ச்சல் தொற்றியது. ஆசை என்று வெளிப்படையாகவே சொல்கிறேன். டீசல் வாடை அடிக்கும் ஓர் அறைக்குள் என் உழைப்பு பூ வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நாலு பேர் அதைப் பார்க்க வேண்டும், இந்தப் பெண் எழுதியது என்று சொல்ல வேண்டும். நான் வேலையை விட்டுப் போனால் அதோடு அதுவும் செத்துப்போகும் என்ற பயமும் இருந்தது.

முதலாளி மாதப் பூசத்துக்குத் தவறாமல் வடலூர் போய்ப் பந்தியில் பரிமாறுகிறவர். அங்கே போனால் சாதி பார்க்க மாட்டார், மதம் பார்க்க மாட்டார், புறப்படும் நேரத்தை மட்டும் பார்ப்பார். அப்படிப் போய்விட்டு வந்த ஒருநாள், மனசு குளிர்ந்திருக்கும் என்று கணக்குப் போட்டு, புரோகிராமைத் திறந்து வைக்கும் பேச்சை எடுத்தேன்.

"சும்மாவா குடுக்கணும்?"

"ஆமா சார். யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்."

"எதுத்தாப்ல இருக்கற ஆபீஸ்காரனுமா?"

"அவுங்களுந்தான்."

மச்சான் பதறிப்போனார். "மாமா, இது லாரி சாவியக் கொண்டுபோயி நடு ரோட்டுல தொங்க உடற மாதிரி."

"நீங்க வடலூர்ல எந்த ஊரு, யாரு வூட்டுப் புள்ளன்னு கேட்டுட்டா சார் சோறு போடறீங்க?" என்றேன் நான். பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்த கேள்வி.

முதலாளி மீசையைத் தடவினார். "சாப்ட்டவன் எலைய எடுப்பானா?"

"புரியல சார்."

"ஓட்ட ஒடசல் இருந்தா சொல்லுவானா? அவன் சரி பண்ணிக்கிட்டா நமக்கும் தருவானா?"

"தரணும் சார். அதுதான் சட்டமே."

எங்கள் கூட்டத்தில் ஒரு ஞாயிறு முழுக்க வாய் வலிக்க விளக்கிய உரிம விதி அவர் வாயில் ஒரே வரியாக வந்துவிட்டது. சரி என்றார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். "ராகு காலத்துல மட்டும் எவனும் கை வெக்கக் கூடாது. அத எடுத்துட்டு ஒரு வண்டி கெளம்பி, அந்தப் பாவம் எனக்கு வரக் கூடாது. எடுத்துட்டாங்கன்னு தெரிஞ்சுது, குடுத்தத திரும்பி வாங்கிடுவேன்."

ஒருமுறை திறந்துவிட்டதைத் திரும்ப வாங்க முடியாது, கை வைப்பதைத் தடுக்கவும் முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று மூடிக்கொண்டேன்.

வெளியிடும் நாளை நாள்காட்டி பார்த்துக் குறித்தார்கள். புது லாரி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவது வழக்கம். புரோகிராமுக்குச் சக்கரம் இல்லையே என்ற பிரச்சினை எழுந்தது. கீபோர்டுக்கு அடியில் வைக்கலாம் என்றார் ஒரு டிரைவர். சாறு உள்ளே போகும் என்று நான் மறுத்தேன். மச்சான் ஆபீஸை ஒருமுறை நோட்டம் விட்டார். சக்கரம் வைத்த பொருள் அங்கே ஒன்றுதான் இருந்தது, நான் உட்கார்ந்திருந்த நாற்காலி. நான்கு பழங்களை வைத்து, நல்ல நேரம் பிறந்ததும் என்னை நாற்காலியோடு தள்ளினார். நான் எலுமிச்சம்பழத்தின் மேல் உருண்டுகொண்டே சென்று பட்டனை அழுத்தினேன். உலகத்தில் வேறு எந்த ஓப்பன் சோர்ஸ் புரோகிராமும் இப்படி வெளியாகியிருக்காது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். பிராட்பேண்ட் நடுவில் அறுந்து, அறுந்து, எல்லாம் நெட்டில் ஏறி முடிவதற்குள் நல்ல நேரம் தீர்ந்துவிட்டது. ஆரம்பித்த நேரம்தான் கணக்கு என்று முதலாளி தீர்ப்புச் சொன்னார்.

பிறகு பல மாதங்கள் ஈ, காக்கை கூட எட்டிப் பார்க்கவில்லை. எதிர் ஆபீஸ்காரர் கூட எடுக்கவில்லை. சும்மா கொடுப்பதில் ஏதோ சூது இருக்கிறது என்று அவர் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்ததாக மச்சான் சொன்னார்.

அப்படி இருக்கும்போதுதான் நார்வேயிலிருந்து ஒரு மெயில் வந்தது. அங்கே பண்ணைகளிலிருந்து பால் எடுத்து வரும் வண்டிகளை அனுப்புகிறவர் எழுதியிருந்தார். புரோகிராம் மிக நன்றாக இருக்கிறது என்று தொடங்கியிருந்தார். தினமும் ஒன்றரை மணி நேரம் அது வேலை செய்ய மறுக்கிறது, ஒவ்வொரு நாளும் வேறு வேறு நேரத்தில் மறுக்கிறது, முதலில் வைரஸ் என்று நினைத்தேன் என்றார். வாரக்கணக்கில் கவனித்துக் கட்டம் போட்டு ஒரு படமும் அனுப்பியிருந்தார். அது அச்சு அசல் நம் நாள்காட்டியின் பின்பக்கம். கடைசியில் அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இது டிரைவர்களின் கட்டாய ஓய்வு நேரமாக இருக்க வேண்டும், உங்கள் நாட்டுத் தொழிலாளர் சட்டம் பாராட்டத்தக்கது, ஆனால் எங்களிடம் வேறு சட்டம் இருப்பதால் இதை எடுத்துவிடலாமா என்று கேட்டிருந்தார்.

மெயிலை மறுபடியும் படித்தேன். எடுத்துக்கொள்ள அவருக்கு முழு உரிமை இருந்தது. எடுத்தது தெரிந்தால் முதலாளி என்ன செய்வாரோ என்றிருந்தது. ஆனாலும் மறைக்க மனசு வரவில்லை. மெயிலை அப்படியே முதலாளியிடம் தமிழில் சொன்னேன். அவர் முகம் இறுகியது. நான் திட்டுக்குத் தயாரானேன்.

"அந்த ஊருல சூரியன் எத்தினி மணிக்கு உதிக்கும்?" என்று கேட்டார்.

"குளிர்காலத்துல ஒம்போது, ஒம்போதரை ஆவும் சார். கோடையில மூணு மணிக்கே வந்துடும்."

தலையில் கையை வைத்துக்கொண்டார். "என்னாம்மா பண்ணி வெச்சிருக்க? சூரிய உதயத்த வெச்சுதானே ராகு காலம். அவனுக்கு நம்ம ஊரு நேரத்தக் குடுத்திருக்க. நல்ல நேரத்துல வண்டிய நிறுத்தி, கெட்ட நேரத்துலல்ல அனுப்பியிருக்கான் பாவி மனுஷன்."

ராகு காலத்தை எடுக்கச் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. திருத்தச் சொல்வார் என்று சத்தியமாக எதிர்பார்க்கவில்லை. ஊரின் பெயரைக் கொடுத்தால் அந்த ஊரின் சூரிய உதயத்தையும் அஸ்தமனத்தையும் பார்த்து, பகலை எட்டாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை எடுத்துத் தரும்படி புரோகிராமை மாற்ற வேண்டியதாயிற்று. ராகு காலத்தை ஒழிக்க ஆசைப்பட்ட நான், உலகத்தின் எல்லா ஊருக்கும் அதைத் துல்லியமாகக் கணக்கிட்டுக் கொடுத்தேன். ஆசைக்கு இப்படியும் ஒரு அடி விழும்.

நார்வேயின் வடக்கே கோடையில் சூரியன் அஸ்தமிக்கவே அஸ்தமிக்காது என்ற சிக்கல் வந்தபோது முதலாளி மச்சானை ஜோசியரிடம் அனுப்பினார். "சூரியன் மறையாத ஊருல ராகு காலமும் கெடையாது, ஜோசியனும் கெடையாது. நமக்கெதுக்கு அந்த வம்பு" என்று ஜோசியர் சொல்லி அனுப்பினார். அதைச் சாக்காக வைத்து நான் ஒரு சமரசம் பேசினேன். ஊர் பெயரைக் காலியாக விட்டால் பூட்டு வேலை செய்யாது, போட்டால் செய்யும். நேரம் தெரியாத ஊருக்குத் தப்பான நேரம் சொல்வதைவிடச் சொல்லாமல் இருப்பது மேல் என்றேன். முதலாளி, "அவுங்க ஊரு அவுங்க பாடு. நம்ம ஊரு பேர மட்டும் எந்தக் காலத்துலயும் எடுத்துடாத" என்றார்.

நார்வேக்காரர் விஷயம் முழுவதையும் தெரிந்துகொண்ட பிறகும் ஊர் பெயரைப் போட்டுத்தான் வைத்திருந்தார். டிரைவர்கள் அந்த நேரத்தில் காபி குடித்துப் பழகிவிட்டார்களாம். கோடையில் பகல் நீளம் என்பதால் ராகு காலமும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நீண்டு ஏக சந்தோஷம். குளிர்காலத்தில் அது சுருங்கிப்போக, ஓய்வு நேரத்தைக் குறைத்தது யார் என்று டிரைவர்கள் சண்டைக்கு வந்தார்கள் என்று எழுதினார். அவர் சும்மாவும் இருக்கவில்லை. என் புரோகிராமில் இருந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாக அடைத்து அனுப்பிக்கொண்டே இருந்தார். இலையை எடுத்ததோடு பந்தியையும் துடைத்துவிட்ட ஆள்.

2011ஆம் வருஷக் கடைசியில் தானே புயல் வந்தது. அதைப் பற்றி விளையாட்டாக எழுத எனக்கு வராது. கடலூரில் நின்ற மரம் என்று ஒன்றிரண்டைத்தான் காட்ட முடிந்தது. ஆபீஸின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை பறந்துபோய், கம்ப்யூட்டர் விடிய விடிய மழையில் நனைந்து செத்துவிட்டது. சிதம்பரத்தில் சேதம் குறைவு. ஞாயிற்றுக்கிழமை மச்சான் எப்படியோ போன் பிடித்தார். முதலாளி லாரிகள் எல்லாவற்றையும் கடலோரக் கிராமங்களுக்குத் தண்ணீரும் அரிசியும் கொண்டுபோக விட்டுவிட்டாராம். மற்ற லாரிக்காரர்களும், ஆமாம், எதிர் ஆபீஸ்காரர் உட்பட, சேர்ந்துகொண்டார்களாம். ஒரே ஊருக்கு நாலு வண்டி போகிறது, இன்னொரு ஊருக்கு ஒன்றும் போகவில்லை.

"நம்ம புரோகிராம் போயிடுச்சாம்மா?" என்றார் மச்சான்.

போகவில்லை. ஜெனரேட்டர் ஓடிய ஒரு பிரவுசிங் சென்டரைத் தேடிப் பிடித்து, நார்வேக்காரர் கடைசியாகத் திருத்தி வைத்திருந்ததை இறக்கினேன். பென் டிரைவை முந்தானையில் முடிந்துகொண்டு, அப்பா தடுக்கத் தடுக்கக் கடலூருக்குக் கிளம்பினேன். அன்று இரவு முதலாளி வீட்டில் அவர் மனைவியோடு தங்கினேன். அப்பாவின் ராத்திரிச் சாப்பாட்டுச் சட்டம் அன்றோடு முடிந்தது.

மறுநாள் திங்கட்கிழமை. கூரையில்லாத ஆபீஸில் தார்ப்பாய் கட்டி, யாரோ கொடுத்த பழைய கம்ப்யூட்டரை ஜெனரேட்டரில் ஓடவிட்டு, வாசல் பெயர் கேட்கும் இடங்களில் கிராமங்களின் பெயர்களைப் போட்டு முடித்தேன். முதல் லாரி தண்ணீர் கேன்களோடு தயாராக நின்றது. அந்தக் கிராமத்தில் வெள்ளிக்கிழமையிலிருந்து குழந்தைகள் உப்பேறிய கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதாக டிரைவர் சொல்லிக்கொண்டிருந்தார். பட்டனைத் தட்டினேன். ட்ரிப் ஷீட் வந்தது. முதலாளி அதைக் கையில் எடுத்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஏழே முக்கால்.

"ஊரு பேரு போடலியா?" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது, பூட்டுக்குரிய ஊர் பெயர் காலியாகவே இருந்தது. உண்மையிலேயே மறந்துதான் போயிருந்தேன். இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. "இப்ப போட்டுடறேன் சார்," என்று கீபோர்டில் கை வைத்தேன்.

"இரு." அவர் லாரியைப் பார்த்தார். தண்ணீர் கேன்களைப் பார்த்தார். "இது நெட்டுலேர்ந்து எறக்குனதுதானே?"

"ஆமா சார்."

"அப்ப இது அந்த நார்வேக்காரன் பொட்டி. அங்க இப்ப மணி என்னா?"

"ராத்திரி மூணேகால் இருக்கும்."

"ராத்திரியில ஏது ராகு காலம்," என்றார்.

மச்சான், "மாமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். முதலாளி ட்ரிப் ஷீட்டை டிரைவரிடம் நீட்டினார். டிரைவர் வாங்கிக்கொண்டு அப்படியே நின்றார். அந்த ஆபீஸில் தம்பியின் கதை தெரியாதவர்கள் யாரும் இல்லை. முதலாளி அந்தப் பக்கமாகச் சுற்றிப் போய், கதவைத் திறந்து லாரியில் ஏறினார்.

"நீங்க எதுக்கு மொதலாளி?"

"ஒன்ன மட்டும் தனியா அனுப்பச் சொல்றியா? வண்டிய எடு."

லாரி கிளம்பியது. "அக்காகிட்ட நான் என்னா சொல்லுவேன்," என்று மச்சான் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். நான் திரும்பி உட்கார்ந்து, யாரும் சொல்லாமலேயே ஊர் பெயர் கேட்கும் இடத்தில் கடலூர் என்று அடித்தேன். அடுத்த லாரிகள் ஏற்றி முடிக்க எப்படியும் ஒன்பது மணி ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ராகு காலத்தில் துளி நம்பிக்கை இல்லாத நான், ஒன்பது அடிக்கும் வரை கடிகாரத்தைத் தவிர வேறு எதையும் பார்க்கவில்லை.

பதினோரு மணி வாக்கில் லாரி காலியாகத் திரும்பி வந்தது. முதலாளி இறங்கினார். சட்டை முழுக்க ஈரம், முழங்கால் வரை சேறு. நேராக என் மேஜைக்கு வந்தார்.

"ஊரு பேரு போட்டுட்டியா?"

"போட்டுட்டேன் சார்."

"சரி," என்றார். "அடுத்த வண்டிக்குச் சீட்டு குடு."